சன்ஷேடில் தொங்குகிறவன்

பிரப்பன்வலசையிலிருந்து மண்டபம் வரை
ஒரு மேடு கிடையாது.
ரயில்வே கேட்டில் தண்டவாளத்துக்காகச் சாலை
லேசாக முதுகைத் தூக்கும், அவ்வளவுதான்.
அங்கே எழுந்து நின்று மிதிப்பேன்,
ஒரு மரியாதைக்கு.

மற்றபடி இங்கே மேடென்பது காற்று.
ஆடியில் காலை நேரம்
கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளும்,
ஐஸ் கம்பெனி வாசல் வரை பெடலே வேண்டாம்.
சாயங்காலம் அதே கை நெஞ்சில்.
வேதாளைப் பக்கம் மெதுவாகப் போகும்
மீன் வண்டி ஏதாவது கிடைத்தால்
பின்னால் ஒட்டிக்கொண்டு
காற்றில்லாத ஐம்பது மீட்டர் திருடுவேன்.
நான் பில் போட்ட ஐஸ்
உருகி என் சட்டையிலேயே சொட்டும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு
நானும் பவுஸ்தீனும் முதல் பஸ் பிடித்து
மதுரைப் பக்கம் போவோம், பாறை ஏற.
அவர் பாம்பனில் கணக்கு வாத்தியார்.
கயிற்றின் அந்த முனை அவர் இடுப்பில்.
"விழும்போது சொல்லிட்டு விழுய்யா" என்பார்.
சொன்னதேயில்லை.
விழுகிறவனுக்கு அது கடைசியில்தான் தெரியும்.
ஒருமுறை, ஆடு மேய்க்கிற அம்மா கேட்டாள்:
"மேல என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்லம்மா."
"பெறகு?"
அந்தப் "பெறகு"
இன்னும் என் சைக்கிள் கேரியரில் இருக்கிறது.

மீதி ஞாயிறுகளுக்கு
மரைக்காயர்பட்டினத்தில் முடியாமல் நிற்கும் ஒரு வீடு.
ஓனர் கத்தாரில்.
மாடி உண்டு, படி இல்லை.
சன்ஷேடு விளிம்பு நாலு விரல் கனம்,
உப்புக்காற்று தின்று சொரசொரத்த கான்கிரீட்.
விரல் நுனி கிழியும்.
திங்கட்கிழமை முதல் ஐஸ் பாளத்தைத் தொடும்போது
ஞாயிற்றுக்கிழமை முழுதாக ஞாபகம் வரும்.

அன்றும் தொங்கிக்கொண்டிருந்தேன்.
கீழே முத்திருளாண்டி, நீட்டிய கையில் போன்:
"மொதலாளி பேசணுமாம்."
கம்பத்தில் கேமரா இருக்கிறதாம்.
வீட்டுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை,
கேமரா வைத்திருக்கிறார்.

திரையில் நைனா முகம்மது.
பின்னால் இரண்டடுக்குக் கட்டில்,
அதில் யாருடைய காலோ.
"மூணு வாரமாப் பாக்குறேன். என்னத்தத் திருடுற?"
"ஒண்ணுமில்லைங்க. ஏறிப் பழகுறேன்."
"ஏறி?"
ஆட்டுக்கார அம்மா கத்தாருக்கும் போயிருக்கிறாள்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்தேன்.
"மொட்டைமாடிக்குப் போவியா?"
"போகலாம்."
"கடல் தெரியும்னு இஞ்சினியர் சொன்னான்.
நான் பாத்ததில்ல."

போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஏறினேன்.
என் நெஞ்சுக்குள்ளிருந்து அவர் குரல்:
"பாத்து, பாத்து, அந்தப் பக்கம் பூசலை."
பவுஸ்தீன்கூட இப்படிப் பதறியதில்லை.

மேலே
இறுகிப்போன சிமெண்டு மூட்டை ஒன்று,
காக்கை கொண்டுவந்த நண்டு ஓடு.
தெற்கே பனைகளுக்கும்
பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில்
சுண்டுவிரல் அகலத்தில் கடல்.
அந்த இடுக்குக்கு நேராகப் போனைப் பிடித்தேன்.
காற்று ஆட்டியது.
இரண்டு கையாலும் பிடித்தேன்.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதாங்க."
"ஒரு படகு போச்சே?"
"தொட்டிக்குப் பின்னாடி இருக்கு. வரும்."

அங்கே யாரோ பஸ் வந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள்.
"ரெண்டு நிமிசம்" என்றார் நைனா முகம்மது.
காத்திருந்தோம்.
தொட்டி அகலமான தொட்டி.
படகும் ஒன்றும் அவசரப்படவில்லை.

பச்சைப் படகு.
முதலில் மூக்கு, பிறகு ஒரு ஆள்,
பிறகு வலைக்குவியல்.
பனைக்குள் போய்விட்டது.

"படிய இந்தப் பக்கம் வைக்கச் சொல்லணும்" என்றார்.
"அதுவரைக்கும் நீ ஏறிக்க.
சன்ஷேட ஒடச்சிராத."

வீட்டுக்குத் திரும்பும்போது நல்ல கச்சான்.
ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
ஊரில் உள்ள ஒரே மேட்டுக்கு முன்னால்
ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன்.
முழங்கையில் சிமெண்டுத் தூசி.
ரயில் வர நேரமாகும் என்றார்கள்.